கடலைத்தோல் கரியில கேட்டலிஸ்ட் செஞ்சு திரவத்துல இருந்து ஹைட்ரஜன் எடுக்கிறது: காரைக்குடி பக்கம் புராஜக்ட் பண்ற பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், கடலைத்தோல்ல (நிலக்கடலையோட மேல் ஓடுல) இருந்து ஹைட்ரஜன் வராது. நிறைய பேர் புராஜக்ட் தலைப்ப பாத்துட்டு அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க, வைவாலயும் அப்படியே சொல்லி மாட்டிக்கிறாங்க. ஹைட்ரஜன் வர்றது திரவத்துல இருந்து. அந்த திரவத்த உடைக்கிற கேட்டலிஸ்ட், அதாவது தான் தீந்து போகாம ரியாக்ஷன வேகப்படுத்துற பொருள், கோபால்ட், நிக்கல், பல்லேடியம் மாதிரி ஒரு உலோகம். கரி அந்த உலோகத்துக்கு உக்கார இடம் கொடுக்குது, அவ்வளவுதான். நம்ம ஊர் ஆயிரம் ஜன்னல் வீடு மாதிரி உள்ளுக்குள்ள துளை துளையா இருக்கிறதால உலோகம் பொடிப்பொடியா பரவி உக்காருது, கட்டி சேராம இருக்கு, அதனால கம்மி உலோகத்துல அதிக வேலை நடக்குது. காசு பூராவும் உலோகத்துலதான் போகுது, கரில இல்ல. இத புரிஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சா மிச்சமெல்லாம் ஒழுங்கா வரும்.

இந்த வேலைக்கு காரைக்குடி பக்கம் நல்ல எடம். சிக்ரி இங்கதான் இருக்கு, அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல திறந்த ஆராய்ச்சி நிலையம், மின்வேதியியல்தான் அவங்க வேலையே. அழகப்பா யுனிவர்சிட்டியும் பக்கத்துலயே. சாம்பிள் அனாலிசிஸ்க்கு எங்க கேக்கலாம்னு கைடு மூலமா விசாரிச்சீங்கன்னா மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டிய வேலை குறையும். மூலப்பொருளுக்கும் பஞ்சமில்ல. செக்கு ஆட்டுற எடம், கடலை உடைக்கிற மில்லு, கொட்டாங்கச்சி, அரிசி மில்லு உமி, போற வழியெல்லாம் சீமைக்கருவேலம்.

ஏன் திரவம், எந்த திரவம்

ஹைட்ரஜன் 1 கிலோவுல 33 யூனிட் கரண்டுக்கு சமமான எனர்ஜி இருக்கு, கேக்க ஜோரா இருக்கும். ஆனா சாதாரண அழுத்தத்துல அந்த 1 கிலோ 11, 12 கன மீட்டர் எடத்த அடைச்சுக்கும். காருல வைக்கணும்னா 700 பார் அழுத்தத்துல அடைக்கணும், திரவமாக்கணும்னா மைனஸ் 253 டிகிரிக்கு குளிர வைக்கணும். அதனாலதான் ஹைட்ரஜன ஒரு திரவத்துக்குள்ள கட்டி வச்சு வேணுங்கிறப்ப கேட்டலிஸ்ட் போட்டு அவுத்துக்கலாம்ங்கிற யோசனை வந்துச்சு.

அம்மோனியாவுல எடைக்கு 17.6 சதவீதம் ஹைட்ரஜன், ஆனா உடைக்க 500 டிகிரிக்கு மேல சூடு வேணும், கசிஞ்சா கண்ணு மூக்கு எரிஞ்சு போயிரும், காலேஜ் லேப்ல தொடாதீங்க. மெத்தனால்ல 12.6 சதவீதம், அதுக்கும் 200ல இருந்து 300 டிகிரி, நீராவியும் சேத்து விடணும். டைபென்சைல் டொலுயீன் மாதிரி எண்ணெய்கள்ல 6.2 சதவீதம், அதுவும் 300 டிகிரி கிட்ட, பிளாட்டினம் வேற வேணும். கம்பெனிக்காரங்க பாத்துக்கட்டும்.

அறை வெப்பநிலையிலயோ லேசான சூட்டுலயோ நடக்கிறதுல காலேஜ் லேப்புக்கு நான் சொல்றது ரெண்டு. ஒண்ணு, தண்ணில கரைச்ச சோடியம் போரோஹைட்ரைடு (சோடியம், போரான், ஹைட்ரஜன் சேந்த ஒரு வெள்ளைப் பொடி). இன்னொண்ணு ஃபார்மிக் ஆசிட். முதல் தடவைன்னா கண்ண மூடிட்டு போரோஹைட்ரைடு எடுங்க, மலிவான கோபால்ட் போதும், வர்ற கேஸ் சுத்தமான ஹைட்ரஜன் (கொஞ்சம் நீராவி இருக்கும்), அளக்கிறதும் சுலபம். அதோட வர்ற ஹைட்ரஜன்ல பாதி தண்ணில இருந்தே வருது, அதான் அதோட அழகு. குறையும் சொல்லணும்ல, மிஞ்சுற போரேட் உப்ப திரும்ப போரோஹைட்ரைடா மாத்த ஏகப்பட்ட எனர்ஜி செலவாகும், அதனாலதான் அமெரிக்க எனர்ஜி துறை 2007லயே வண்டிக்கு இது சரிப்படாதுன்னு கைவிட்டுச்சு. கத்துக்கவும் கேட்டலிஸ்ட ஒப்பிட்டு பாக்கவும் நல்ல ரியாக்ஷன், நாட்டுக்கு எரிபொருள் கொடுக்க இல்ல, ரிப்போர்ட்ல அப்படியே எழுதுங்க.

எந்த கழிவு எடுக்கலாம்

கொட்டாங்கச்சி கெட்டி, சாம்பல் ரொம்ப கம்மி, கரி தரமா வரும், ஆனா பொடி பண்றதுக்குள்ள கை ஓஞ்சிரும். உமில 15ல இருந்து 20 சதவீதம் சாம்பல், அதுல பெரும்பகுதி சிலிக்கா, அத எடுக்க சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு கொதிக்க வைக்கணும், தனி வேலை. சீமைக்கருவேலம் மூட்டம் போட்ட கரி மலிவா கிடைக்கும், ஆனா எத்தன டிகிரில எவ்வளவு நேரம் வெந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஒரு மூட்டத்துக்கு இன்னொரு மூட்டம் மாறும், ஆராய்ச்சிக்கு ஆகாது, அடுப்புக்கு ஆகும். மரத்த வெட்டிட்டு வந்து நீங்களே கருக்குனா அது வேற விஷயம்.

நான் கடலைத்தோல்தான் சொல்லுவேன். லேசா இருக்கும், மிக்சிலயே பொடியாகும், மில்லுல ஒரு பை கேட்டா காசு வாங்காம குடுத்துருவாங்க, "அடுப்புக்காப்பா?"ன்னு ஆச்சி கேட்டா ஆமான்னு சொல்லிட்டு வந்துருங்க, விளக்க ஆரம்பிச்சா சாயங்காலம் ஆயிரும். ஒரே ஒரு எச்சரிக்கை, கடலைத்தோல் மண்ணோட வரும், நம்ம பக்கத்து செம்மண்ல இரும்பு இருக்கு, அது கரிக்குள்ள தங்கிட்டா நீங்க போடாத ஒரு உலோகம் உள்ள உக்காந்து கணக்க கெடுக்கும். அதனால கழுவுறதுல சோம்பல் கூடாது.

கழுவி காய வச்சு கருக்குறது

தோல தண்ணில ஊற வச்சு அலசுங்க, மண்ணு அடில தங்குறது நிக்கிற வரைக்கும். முதல் அலசலுக்கு வளவுல பிடிச்ச மழைத்தண்ணி கிடைச்சா ரொம்ப நல்லது, போர் தண்ணில உப்பு இருக்கும். கடைசி ரெண்டு தடவை டிஸ்டில்டு வாட்டர்ல. ஓவன்ல 105 டிகிரில ராத்திரி பூரா காய வச்சு, அரைச்சு, சலிச்சு, ஒரே அளவு பொடிய மட்டும் எடுத்துக்கோங்க.

அடுத்து கருக்குறது. ரெண்டு வழி இருக்கு, உங்க லேப்ல என்ன இருக்குங்கிறத பொறுத்தது. நைட்ரஜன் விட்டு ட்யூப் ஃபர்னஸ் இருந்தா முதல்ல 500 டிகிரில கருக்கிட்டு, பொட்டாசியம் கார்பனேட் சம எடைக்கு கலந்து 800 டிகிரி கிட்ட ஒரு மணி நேரம் வைக்கலாம், துளை நல்லா விழும். சில பேர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடுவாங்க, ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல பரப்பு வரும்னு ஆசை. வரத்தான் செய்யும், ஆனா அந்த சூட்டுல கரியும் ஹைட்ராக்சைடும் சேந்து பொட்டாசியம் உலோகமே உண்டாகும், சரியா ஆறாம எடுத்து தண்ணிய ஊத்தினா பத்திக்கும், பாத்திரத்தையும் அரிச்சிரும். முதல் தடவை பண்றவங்களுக்கு வேணாம்.

நைட்ரஜன் விட வழியில்லாத வெறும் மஃபிள் ஃபர்னஸ்தான் (பெட்டி மாதிரி மின் உலை) இருக்குன்னா பாஸ்பாரிக் ஆசிட் வழி. இதுல தனியா கருக்க வேண்டியதில்ல, பச்சைப் பொடியவே நேரா ஆசிட்ல ஊற வைக்கலாம். 10 கிராம் பொடிக்கு, 15 கிராம் பாஸ்பாரிக் ஆசிட்ட தண்ணில கலந்து ஊத்தி, கிளறி, ராத்திரி விட்டு, 105 டிகிரில வத்த வச்சிருங்க. கருப்பா கொழகொழன்னு ஆகும், பயப்படாதீங்க. குரூசிபிள்ல நெருக்கி அமுக்கி, மூடி போட்டு, நிமிஷத்துக்கு 5 டிகிரி ஏத்தி 450ல இருந்து 500 டிகிரில ஒரு மணி நேரம். காத்து உள்ள போனா கரி சாம்பலாயிரும், அதனால மூடி இறுக்கமா இருக்கணும், குரூசிபிள்ல காலி இடம் விடக்கூடாது. ஃபர்னஸ ஃபியூம் ஹூட் (புகைய இழுத்து வெளிய விடுற கூண்டு) பக்கத்துல வைங்க. எடுக்கும்போது அவசரப்படாதீங்க, உள்ளயே ஆறட்டும், சூடா திறந்தா கண்ணு முன்னாடியே கனிஞ்சு போயிரும்.

கழுவுறது, இங்கதான் முக்கால்வாசி புராஜக்ட் கெடுது

இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன். போரோஹைட்ரைடு ஆசிட்ட கண்டா கேட்டலிஸ்டே இல்லாம பொங்கும், ஹைட்ரஜன கொட்டும். இப்ப யோசிங்க, துளைக்குள்ள பாஸ்பாரிக் ஆசிட் மிச்சம் இருக்கிற கரிய எடுத்து போரோஹைட்ரைடு கரைசல்ல போட்டா என்ன ஆகும்? நல்லா கேஸ் வரும். பையன் குஷியாயிருவான், உலோகமே இல்லாத கேட்டலிஸ்ட் கண்டுபிடிச்சிட்டேன்னு எழுதிருவான். ரெண்டாவது தடவை அதே கரிய போட்டா பாதிதான் வரும், மூணாவது தடவை ஒண்ணும் வராது. அது கேட்டலிஸ்ட் இல்ல, தீந்து போற ஆசிட். தண்ணிக்கு பதிலா மெத்தனால் ஊத்தி பண்றவங்களுக்கு இன்னும் மோசம், மெத்தனால்ல போரோஹைட்ரைடு சும்மாவே வேகமா உடையும், கேட்டலிஸ்ட் எவ்வளவு செஞ்சுச்சு தானா எவ்வளவு நடந்துச்சுன்னு பிரிக்காம எழுதுன எண்ணுக்கு மதிப்பே இல்ல.

அதனால சூடான டிஸ்டில்டு வாட்டர ஊத்தி கிளறி ஃபில்டர் பண்ணி, திரும்ப ஊத்தி, பிஎச் பேப்பர் 7 கிட்ட காட்டுற வரைக்கும். அதோட நிறுத்தாதீங்க, கடைசியா வர்ற கழுவு தண்ணில கொஞ்சம் எடுத்து நைட்ரிக் ஆசிடும் அமோனியம் மாலிப்டேட்டும் போட்டு லேசா சூடு பண்ணுங்க, மஞ்ச படிவு விழுந்தா பாஸ்பேட் இன்னும் வெளிய வந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம், மறுபடி கழுவுங்க. கார்பனேட் வழில போனவங்க முதல்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கழுவணும், அப்புறம் தண்ணி, கடைசில சில்வர் நைட்ரேட் போட்டு குளோரைடு போயிருச்சான்னு பாக்கணும். ஃபில்டர் பேப்பர் செலவாகுதேன்னு லேப் அசிஸ்டன்ட் முறைச்சாலும் பரவாயில்ல.

உலோகம் ஏத்துறது

1 கிராம் கரி, 0.45 கிராம் கோபால்ட் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு உள்ள சிவப்பு படிகம்), 20 மில்லி தண்ணி. இதுல 0.11 கிராம் கோபால்ட் இருக்கு, மொத்த எடைல கிட்டத்தட்ட 10 சதவீதம். ராத்திரி பூரா ஸ்டிர்ரர்ல சுத்த விடுங்க. கோபால்ட் உப்ப வெறுங்கையில தொடாதீங்க, தூசிய மூச்சுல இழுக்காதீங்க, கேன்சர் சந்தேகம் உள்ள பொருள்.

மறுநாள் பீக்கர ஐஸ்ல வச்சு, 0.25 கிராம் போரோஹைட்ரைட 10 மில்லி குளிர்ந்த தண்ணில ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடோட கரைச்சு, சொட்டு சொட்டா விடுங்க. நுரைக்கும், ஹைட்ரஜன்தான் வருது, அதனால திறந்த பீக்கர், ஃபியூம் ஹூட், பக்கத்துல பர்னர் எதுவும் கூடாது. நுரை அடங்கின பிறகு கிளறுறத நிறுத்தி கரி அடில தங்க விட்டா மேல நிக்கிற தண்ணி நிறமே இல்லாம இருக்கணும். ரோஸ் கலர் இருந்தா கோபால்ட் இன்னும் கரைசல்லயே இருக்கு, ஏறல. ஃபில்டர் பண்ணி தண்ணி, அப்புறம் எத்தனால் விட்டு கழுவி, வேக்குவம் ஓவன்ல 60 டிகிரில காய வைங்க. ஃபில்டர் பேப்பர்லயே காத்துல முழுசா காய விடாதீங்க, புதுசா ஒடுக்கின உலோகப்பொடி காத்து பட்டா சூடேறும், பல்லேடியம் கரின்னா ஆல்கஹால் ஆவியோட பத்தியே விடும். காஞ்சத டெசிகேட்டர்ல வச்சு ஒரு வாரத்துக்குள்ள ஓட்டிருங்க, நாளாக நாளாக ஆக்சைடு ஆயிரும்.

ஓட்டுறதும் அளக்கிறதும்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் காத்துல 4ல இருந்து 75 சதவீதம் வரைக்கும் எந்த அளவுல கலந்தாலும் பத்தும், தீப்பொறி 0.02 மில்லிஜூல் போதும், பகல்ல அந்த தீ கண்ணுக்கே தெரியாது. வீட்டுல பண்ணாதீங்க, மூடின பாட்டில்ல பண்ணாதீங்க, பலூன்ல பிடிச்சு நெருப்பு வச்சு வீடியோ எடுக்காதீங்க.

ரெண்டு கழுத்து ஃபிளாஸ்க், 25 மில்லி கரைசல், அதுல 0.25 கிராம் போரோஹைட்ரைடும் 0.25 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும். ஹைட்ராக்சைடு இல்லாட்டி கேட்டலிஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே மெதுவா உடைய ஆரம்பிச்சிரும். ஃபிளாஸ்க் 30 டிகிரி வாட்டர் பாத்ல இருக்கணும். ஒரு ட்யூப் வழியா கேஸ் தண்ணி நிறைஞ்ச பாட்டிலுக்கு போய் தண்ணிய வெளிய தள்ளணும், அந்த தண்ணி தராசு மேல இருக்கிற பீக்கர்ல விழணும். சிலிண்டர்ல கோடு பாத்து எழுதுறத விட தராசு எண்ண அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை போன்ல வீடியோ எடுத்து பின்னாடி எழுதிக்கிறது எவ்வளவோ மேல்.

50 மில்லிகிராம் கேட்டலிஸ்ட் போட்டு கார்க்க மூடுங்க. முழுசா முடிஞ்சா எவ்வளவு வரணும்னு முன்னாடியே கணக்கு போட்டு வச்சிருக்கணும். ஒரு மோல் போரோஹைட்ரைடுக்கு நாலு மோல் ஹைட்ரஜன், 0.25 கிராமுக்கு 30 டிகிரில 657 மில்லி. தண்ணி மேல பிடிக்கிறதால நீராவியும் சேந்து 685 மில்லி கிட்ட காட்டும். அதுக்கு மேல காட்டினா லீக் இல்ல, சூடு. 600க்கு கீழ நின்னுட்டா லீக், இல்ல போரோஹைட்ரைடு பழசு, டப்பா திறந்து திறந்து ஈரம் இழுத்திருக்கும்.

வாட்டர் பாத் ஏன் அவ்வளவு முக்கியம்னா, இந்த ரியாக்ஷன் நல்லா சூட்ட வெளிவிடும். 0.25 கிராம் போரோஹைட்ரைடு விடுற சூடு வெளிய போகலன்னா 25 மில்லி தண்ணிய 13 டிகிரி ஏத்திரும். ஆக்டிவேஷன் எனர்ஜி (ரியாக்ஷன் நடக்க தாண்ட வேண்டிய எனர்ஜி தடை) மோலுக்கு 50 கிலோஜூல்னு வச்சுக்கிட்டா 13 டிகிரில வேகம் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிரும். கேட்டலிஸ்ட் நல்லா இருக்குன்னு நீங்க நினைப்பீங்க, தண்ணிதான் சூடாயிருக்கும். உள்ள ஒரு தெர்மாமீட்டர் விட்டு அதையும் எழுதுங்க.

வேகத்த எழுதும்போது ஒரு ஏமாத்து வேலை நடக்கும், படிக்கும்போதும் கவனிங்க. நிமிஷத்துக்கு 100 மில்லி வந்துச்சுன்னு வைங்க. 50 மில்லிகிராம் கேட்டலிஸ்டுக்கு கணக்கு போட்டா ஒரு கிராமுக்கு 2,000 மில்லி. அதுல இருக்கிற 5 மில்லிகிராம் கோபால்டுக்கு கணக்கு போட்டா 20,000 மில்லி. அதே டேட்டா, பத்து மடங்கு வித்தியாசம். எதுக்கு போட்டீங்கன்னு எழுதாத கட்டுரைய ஒப்பிடவே ஒப்பிடாதீங்க.

அடுத்து பிளாங்க், அதாவது ஒப்பிட்டு பாக்கிறதுக்கான ஓட்டங்கள், இது இல்லாம புராஜக்ட்டே இல்லன்னு சொல்லுவேன். எதுவும் போடாம வெறும் கரைசல். உலோகம் ஏத்தாத கழுவின கரி மட்டும். அதே அளவு கோபால்ட் உள்ள வெறும் கோபால்ட் குளோரைடு, கரியே இல்லாம, இத போட்ட உடனே கருப்பாகி சும்மா பிச்சுக்கிட்டு ஓடும், கோபால்ட் குளோரைடு இந்த வேலைய செய்யும்னு ஷ்லெசிங்கர் குழு 1953லயே எழுதியாச்சு. உங்க கடலைத்தோல் கரி அத விட என்னத்த அதிகமா கொடுக்குதுங்கிறதுதான் உண்மையான கேள்வி. பல நேரம் முதல் ஓட்டத்துல வித்தியாசம் பெருசா இருக்காது, ஃபில்டர் பண்ணி எடுத்து மறுபடி ஓட்டும்போதுதான் கரி மேல இருக்கிறது கட்டி சேராம தாக்குப்பிடிக்கும், அங்கதான் கழிவுக்கு மரியாதை. கடைசியா, பாதி ஓட்டத்துல கேட்டலிஸ்ட ஃபில்டர் பண்ணி எடுத்துட்டு மிச்ச கரைசல் தனியா கேஸ் விடுதான்னு பாருங்க, விட்டா கோபால்ட் கழண்டு தண்ணிக்கு வந்துருச்சு.

திரும்ப ஓட்டும்போது வேகம் குறையத்தான் செய்யும், போரேட் உப்பு துளைய அடைச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணில அலசுங்க, அஞ்சு ஓட்டமாவது காட்டுங்க, ஃபில்டர் பேப்பர்ல போற கரியையும் எடை போட்டு கழிச்சுக்கோங்க. 30, 35, 40, 45 டிகிரின்னு மாத்தி ஓட்டி வேகத்தோட லாக் மதிப்ப கெல்வின் வெப்பநிலையோட தலைகீழுக்கு எதிரா கிராஃப் போட்டா ஆக்டிவேஷன் எனர்ஜி கிடைச்சிரும், அது எல்லா டெக்ஸ்ட் புக்லயும் இருக்கு.

அடுத்த கட்டம், ஃபார்மிக் ஆசிட்

எறும்பு கடிச்சா எரியிதே அதே ஆசிட், ரப்பர் பால உறைய வைக்க கன்னியாகுமரி பக்கம் வாங்குவாங்க. 1671ல இங்கிலாந்து இயற்கை ஆராய்ச்சியாளர் ஜான் ரே எறும்ப காய்ச்சி வடிச்சு எடுத்தாரு. எடைக்கு 4.4 சதவீதம், ஒரு லிட்டருக்கு 53 கிராம் ஹைட்ரஜன். ஃபியூவல் செல் (ஹைட்ரஜன கரண்டா மாத்துற கருவி) பாதி திறன்ல ஓடினா 0.9 யூனிட் கரண்டு, ஒரு சீலிங் ஃபேன் 12 மணி நேரம் சுத்தும்.

இதுக்கு கோபால்ட் சரிப்படாது, பல்லேடியம் வேணும், விலைய பாத்துட்டு கைடுகிட்ட பேசுங்க. கரில நைட்ரஜன் இருந்தா நல்லது, கருக்கின பொடியோட யூரியா கலந்து நைட்ரஜன்ல மறுபடி சூடு பண்ணினா ஏறும். ஆசிட்ட தனியா விடாம சோடியம் ஃபார்மேட் கலந்து விட்டா வேகம் கூடும், 50 டிகிரி போதும்.

சிக்கல் என்னன்னா இந்த ஆசிட் ரெண்டு வழில உடையும். ஒரு வழில ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், இன்னொரு வழில தண்ணியும் கார்பன் மோனாக்சைடும். மோனாக்சைடு ஆளையும் கொல்லும், ஃபியூவல் செல்லையும் கொல்லும், வண்டி ஃபியூவல் செல்லுக்கு சர்வதேச தரம் அனுமதிக்கிறது பத்து லட்சத்துல 0.2 பங்குதான். அதனால கேஸ் குரோமட்டோகிராஃப்ல (கலவைல எந்த கேஸ் எவ்வளவுன்னு பிரிச்சு காட்டுற மெஷின்) பாக்காம ஹைட்ரஜன் வந்துச்சுன்னு எழுதாதீங்க, சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில் வழியா விட்டா கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் நிக்கும், மோனாக்சைடு நிக்காது. இன்னொண்ணு, இன்னிக்கு சந்தைல இருக்கிற ஃபார்மிக் ஆசிட் பெரும்பாலும் மெத்தனாலும் கார்பன் மோனாக்சைடும் வச்சு செய்யறது, அதுல இருந்து எடுக்கிறத பச்சை ஹைட்ரஜன்னு தலைப்புல போட்டா எக்ஸ்டர்னல் விடமாட்டாரு.

முடிச்ச பிறகு

மிச்ச போரோஹைட்ரைடு கரைசல திறந்த பாத்திரத்துல ஃபியூம் ஹூட்ல விட்டுருங்க, நுரை முழுசா நிக்கிற வரைக்கும் மூடாதீங்க, ஹைட்ராக்சைடு இருக்கிறதால நாள் கணக்காகலாம். கேன்ல மூடி வச்சா வெடிக்கும். ஃபார்மிக் ஆசிட் பாட்டிலும் அப்படித்தான், வச்ச இடத்துலயே கொஞ்சம் கொஞ்சமா கேஸ் விடும், காத்து போற மூடிதான் போடணும். கோபால்ட் பட்ட தண்ணி, ஃபில்டர் பேப்பர், பழைய கேட்டலிஸ்ட் எல்லாத்தையும் தனி கேன்ல சேத்து பேரும் தேதியும் எழுதி ஒட்டி கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுங்க. போரேட் தண்ணிய வெறும் உப்புத்தண்ணிதானேன்னு காலேஜ் தோட்டத்துல ஊத்திடாதீங்க, போரான் கொஞ்சம் அதிகமானாலே செடி இலை நுனில இருந்து கருகும், மழை கம்மியான நம்ம பக்கத்துல அது மண்ணுல இருந்து சீக்கிரம் போகவும் போகாது.